களராய்ப் போன மண்ணுக்கு யார் பதில் சொல்வது?

மகாராஜபுரத்தில் அடுத்தவர் தென்னந்தோப்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறேன். சதுரகிரி மலையடிவாரத்துக் கிணறு. மோட்டார் போட்டதும் கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துப் பார்ப்பேன். இனிக்கும். இனிக்க இனிக்க நெஞ்சு அடைக்கும். எனக்கும் கிணறு இருந்தது ஐயா, நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. அந்தத் தண்ணீரை என் மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

1992இல் அந்த அணை வந்தபோது கையெடுத்துக் கும்பிட்டோம். வெள்ளியங்கிரியில் பிறந்து வரும் ஆறு, ஈரோடு, கரூர்ப் பக்கத்துக் காடுகரையெல்லாம் பாயும் என்று நம்பினோம். பாய்ந்தது திருப்பூர்ச் சாயத் தண்ணீர். ‘அணையைத் திறந்துவிடாதீர்கள்’ என்று விவசாயியே அதிகாரிகளிடம் மன்றாடும் நிலை வந்தது. உழவன் தண்ணீர் வேண்டாம் என்று அழுததை வேறெங்கே கண்டீர்கள்?

கேட்டால், ‘சுத்திகரித்துத்தானே விடுகிறோம்’ என்றார்கள் சாயப்பட்டறைக்காரர்கள். என்ன சுத்திகரிப்பு? பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பைக் கொட்டுகிறார்கள். சாயம் துணியில் ஒட்டும். உப்பு ஒட்டாது, அத்தனையும் கழிவோடு வெளியே வரும். அன்றைய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் கசடையும் குறைத்தன, கரைந்த உப்பைத் தொடவில்லை. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு கூடாது என்று விதி இருந்தது. விதி காகிதத்தில் இருந்தது, உப்பு என் வயலில் இருந்தது.

கண்ணுக்குத் தெளிந்த தண்ணீரும் மண்ணைக் கொல்லும். அதிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டுக்கோப்பைக் குலைக்கும். மண் இறுகும், மேலே ஓடு கட்டும். மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. இதைத்தான் எங்கள் பாட்டன்மார் களர் என்றார்கள். ஜிப்சம் போட்டுக் கழுவு என்கிறார்கள். கழுவ நல்ல தண்ணீருக்கு எங்கே போவேன்? தென்னை குரும்பை உதிர்த்தது. இளநீரே கரித்தது. கடைசியில் நிலத்தை விட்டுக் கூலிக்கு வந்தேன்.

வழக்குப் போடாமல் இல்லை. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்படியும் கேட்காததால்தான் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவு வந்தது. அணை வந்து 19 வருடம்! அதற்குள் எத்தனை போகம் போயிற்று, எத்தனை பேர் காட்டை விற்றார்கள்!

இன்று ஊருக்கு ஊர் சொல்கிறார்கள், சுத்திகரித்த கழிவுநீரைப் பயிருக்கு விடலாமென்று. முடியாதென்று நான் சொல்லவில்லை. இஸ்ரேல் தன் சாக்கடை நீரில் பெரும்பகுதியைச் சுத்திகரித்து விவசாயத்துக்குத்தான் கொடுக்கிறது. வீட்டுச் சாக்கடையில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு, முறையாகச் சுத்தம் செய்தால் பயிருக்கு உதவும். ஆனால் அதில் ஆலைக் கழிவு ஒரு குழாய் கலந்தாலும் கதை வேறு. அதைப் பிரித்து நிறுத்த ஆள் உண்டா? உப்பை அளக்க ஆள் உண்டா? கிருமியைச் சோதிக்க ஆள் உண்டா?

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மகாராஜபுரத்திலும் கிணறு வைத்திருக்கும் சம்சாரிகளே, சுத்திகரித்த தண்ணீர் என்று எவர் வந்து சொன்னாலும் சொல்லை வாங்காதீர்கள், அளவைக் கேளுங்கள். உப்பு எவ்வளவு, சோடியம் எவ்வளவு, கிருமி எவ்வளவு என்று மாதாமாதம் வாய்க்கால் தலைப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எழுதாதவரை மடையைத் திறக்க விடாதீர்கள். நாங்கள் முதலில் கேட்காமல் திறக்க விட்டோம். என் நிலம் இன்னும் களராகத்தான் கிடக்கிறது.