‘வேண்டுமா?’ என்ற கேள்வியும் ஒரு பிரஷர் குக்கரும்

தில்லியில் ஈராண்டு ஆய்வு செய்துவந்த ஜெர்மானியத் தோழி ஒருவர், உதவித்தொகைக் காலம் முடிந்து சென்ற மாதம் ஊர் திரும்பினார். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, தம் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டருகே ஓர் அட்டைப்பெட்டியை வைத்தார். துவைத்து மடித்த துணிகள், ஒரு கம்பளிப் போர்வை, மின்கெட்டில், இரண்டு ஜோடிச் செருப்புகள். ‘இலவசம், எடுத்துக்கொள்ளலாம்’ என்று இந்தியில் எழுதி ஒட்டியவன் நான்தான். மூன்று நாளும் எவரும் அதைத் தொடவில்லை. படிக்கட்டில் குப்பை கிடப்பதாகக் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு முறையீடு மட்டும் போயிற்று.

ஜெர்மன் நகரங்களில் இத்தகைய பெட்டி அன்றாடக் காட்சி. வேண்டாதவற்றை வாசலில் வைத்து, ‘ட்ஸூ ஃபெர்ஷெங்கன்’ (அன்பளிப்பாகத் தரப்படும்) என்று எழுதிவிடுவார்கள். வழியில் போகும் எவரும் எடுத்துச் செல்லலாம். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. அந்த ஏற்பாட்டின் நாகரிகமே அதுதான். நம் படிக்கட்டிலோ பொருளைப் பார்க்குமுன் அது யாருடையது, எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகள் எழுகின்றன.

அடுத்த சிக்கலில் என் பங்கு பெரிது. தோழிக்கு ஈராண்டும் சமைத்துத் தந்த அம்மையாருக்குக் குக்கரையும் மிக்ஸியையும் கொடுக்க அவர் விரும்பினார். “அவருக்கு இவை வேண்டுமா என்று கேட்டுச் சொல்” என்றார். நானும் அதை அப்படியே இந்தியில் கேட்டேன். “வேண்டாம்” என்று அம்மையார் சொல்லிவிட்டார். தோழி அவற்றை விற்பனைப் பட்டியலில் சேர்த்தார். மாலையில் அம்மையார் என்னைத் தனியே அழைத்து, “பையா, ரெண்டு வருஷமா அந்தக் குக்கரில் சமைத்தவள் நான். ‘வேண்டுமா’ என்று கேட்டால், ‘ஆமாம், வேண்டும்’ என்று எந்த வாயால் சொல்வது? கொடுக்கிற மனசிருந்தால் ‘எடுத்துப் போங்க’ என்றல்லவா சொல்லணும்?” என்றார்.

மொழியியல் படித்தவன் நான். சொற்களைச் சரியாக மொழிபெயர்த்தேன். அந்தக் கேள்வி அவரை எங்கே நிறுத்தும் என்பதைச் சிந்திக்கத் தவறினேன். தோழியின் மொழியில் அது விருப்பத்தை மதிக்கும் கேள்வி. அம்மையாரின் செவியில் அது, தம் தேவையைத் தம் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் சொல்லும் கேள்வி.

தொல்காப்பியத்தின் எச்சவியல் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் இரத்தலுக்குரிய சொற்களாக வகைப்படுத்துகிறது. கேட்பவர் தம்மினும் உயர்ந்தவரிடம் ‘ஈ’ என்பார். ஒத்தவரிடம் ‘தா’ என்பார். தாழ்ந்தவரிடம் ‘கொடு’ என்பார். ஒரு பொருள் கைமாறும் இடத்தில் இருவரின் படிநிலையும் பேச்சில் வந்துவிடும் என்பதை நம் இலக்கணம் அன்றே கண்டுகொண்டது. இந்தியில் ‘தேனா’ என்ற வினை பொதுவானது. ஆனால் தான், பேண்ட், பக்ஷீஷ், உத்ரன் என்று பெயர்ச்சொற்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ‘உத்ரன்’ என்றால் ஒருவர் உடுத்துக் களைந்த துணி. 2008இல் தொடங்கி, தமிழில் ‘சிந்து பைரவி’யாக வந்த இந்தித் தொடரின் மூலத் தலைப்பே அதுதான். பணக்கார வீட்டுப் பெண்ணின் பழைய உடைகளை உடுத்தி வளரும் பணிப்பெண் மகளின் கதை பல ஆண்டுகள் ஓடியது. அந்த ஒற்றைச் சொல்லின் காயம் பார்ப்பவர்களுக்கு விளக்கமின்றியே புரிந்தது.

கொடையில் கொடுத்தவரின் ஒரு கூறு ஒட்டிக்கொண்டே வருகிறது என்று 1925இல் மார்செல் மோஸ் எழுதினார். மேற்கு உத்தரப் பிரதேசச் சிற்றூர் ஒன்றில் களப்பணி செய்த குளோரியா ரஹேஜா, தானம் கொடுப்பவரின் அமங்கலத்தைப் பெறுபவர் ஏற்கும் வழக்கத்தை 1988இல் வெளியான நூலில் விவரித்தார். இவற்றைக் காட்டி, ‘வெளிநாட்டாருக்கு நம் பண்பாடு புரியவில்லை’ என்று முடித்துவிடுவது எளிது. அந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினக் கரையில் பழந்துணிகள் குவியல் குவியலாகத் தெருவோரம் கிடந்தன. அவற்றை உடுத்த மீனவர்கள் மறுத்தார்கள். அத்துணிகளை அனுப்பியவர்களில் நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். ‘தீதி’ என்று அக்கா முறை வைத்து அழைத்துக்கொண்டே கிழிந்த புடவையை நீட்டும் வீடுகள் அதே குடியிருப்பில் உண்டு. வெளிநாட்டார் தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்றறியாமல் இடறுகிறார். நாம் அறிந்தே நிற்பதால் இடறுவதில்லை. சாதியும் வர்க்கமும் செய்யும் வேலைக்குப் ‘பண்பாட்டு வேறுபாடு’ என்று பெயரிடுவது நம்மைத் தப்புவிக்கும் வழி.

மறுநாள் தோழி தம் கையாலேயே, “இவை உங்களுக்காக வைத்தவை, எடுத்துச் செல்லுங்கள்” என்று கொடுத்தார். அம்மையார் மகிழ்ந்து வாங்கிக்கொண்டார். ஆனால் வாயிற்காவலர் பையைத் திறக்கச் சொன்னார். உரிமையாளர் கையெழுத்திட்ட சீட்டு இல்லை. நான் சீட்டோடு இறங்கி வரும்வரை இருபது நிமிடம் அவர் எல்லோர் கண்முன்னும் நின்றிருந்தார். தோழிக்கு அது நடைமுறைக் குறை. அம்மையாருக்கு அது திருட்டுப் பழியின் நிழல்.

பழம்பொருள் கண்ணியத்தோடு கைமாறும் வழிகளும் நம்மிடம் உண்டு. தில்லியின் வாக்ரி சமூகப் பெண்கள் பழந்துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிறார்கள். தமிழகத் தெருக்களிலும் இவ்வணிகம் உண்டு. அங்கே இரு தரப்பும் பேரம் பேசும். எவரும் எவருக்கும் கடன்பட்டவரல்லர். 1999இல் தில்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, ஊர்ப் பொதுவேலைக்கு ஈடாகத் துணி வழங்குகிறது. பெறுவது அங்கே உழைப்பின் ஊதியம்.

விடுதியறைகளைக் காலி செய்யும் காலம் வருகிறது. கொடுக்கும் பொருள் பழுதின்றி, தூய்மையாக இருக்கட்டும். விற்பனைப் பட்டியல் போடுமுன், அதைப் புழங்கியவரின் பங்கை எடுத்து வையுங்கள். ‘வேண்டுமா’ என்று சோதிக்காதீர்கள். மறுக்கவும் இடம் வைத்துச் சொல்லுங்கள். வாயிற்சீட்டை முன்னதாகவே எழுதிக் கொடுங்கள்.

அம்மையார் மிக்ஸியை விற்றுவிட்டாராம். இதை அறிந்து தோழி சற்று வருந்தி எழுதியிருந்தார். அது இப்போது அவருடையது, விற்கும் உரிமையும் சேர்த்தே நீங்கள் கொடுத்தீர்கள் என்று பதில் எழுதினேன். பிற மொழிகளில் இத்தகைய சொல்வழக்குகளை அறிந்த நண்பர்கள் பகிர்ந்தால் மகிழ்வேன்.