இளவரசரின் மக்ரோனியும் சிலரின் வறட்டு ஜம்பமும்

டிரஃபிள் காளான் போடாவிட்டால் அது ‘தி லெப்பர்ட்’ நாவலில் வரும் டிம்பாலோவே இல்லையாம்! இப்படிச் சொல்பவர்கள் நாவலை நிஜமாகவே படித்தார்களா?

லாம்பெதூசா எழுதிய இந்த இத்தாலிய நாவல் அவர் இறந்த பின் 1958-ல் வெளிவந்தது. கதையில் அந்த விருந்து நடப்பது 1860-ல், சிசிலியில். விருந்தென்றால் முதலில் சூப் என்பது வெளிநாட்டு நாகரிகம். ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்காது. சூப் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். வந்ததோ, மாவு ஓட்டுக்குள் அடைத்துச் சுட்ட மக்ரோனி, கோபுரம் மாதிரி! மேலோட்டிலிருந்தே சர்க்கரை, பட்டை வாசனை. உள்ளே கோழி ஈரல், அவித்த முட்டை, கோழிக்கறி, பன்றிக்கறி. டிரஃபிளும் உண்டுதான். ஆனால் அவர்கள் முகம் மலர்ந்தது அதற்காகவா? சூப் வராததற்காக!

இளவரசர் ஃபாப்ரிட்சியோ ஊராருக்காக நாகரிகத்தை விட்டுக்கொடுத்தார். அந்தப் பண்டத்தின் ருசியே அதுதான். வருகிறவர்களுக்குப் பிடிக்குமென்று, கையில் இருக்கும் கோழியையும் முட்டையையும் வைத்து வீட்டு ஓவனில் சுடுகிறவர்தான் நாவலுக்கு நெருக்கமானவர். டிரஃபிள் எங்கே என்று அவரை ஏளனம் செய்பவர் அன்று இளவரசராக இருந்திருந்தால், சூப்பைத்தான் பரிமாறியிருப்பார்.