பந்து ஆடலாம், அரசியல் கூடாதா?

தேர்வு முடிந்தால் மதுரைக் கல்லூரி மைதானங்களில் பந்து உருளும். "மாணவர் படிக்கட்டும், ஆடட்டும், அரசியல் மட்டும் வேண்டாம்" என்று உபதேசிக்கும் பெரியோருக்கு இரண்டு சேதிகளை நினைவூட்டுகிறோம்.

2024 ஆகஸ்டில் கல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் டாக்டர் ஒருவர் படுகொலை செய்யப்பட்டார். பாதுகாப்பைக் காரணம் காட்டி, மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் கால்பந்து ஆட்டத்தை ரத்துச் செய்தனர். மைதானத்தில் ஜென்மப் பகையாளிகளான இரு அணி ரசிகர்களும் தெருவில் தோளோடு தோள் நின்று நீதி கேட்டனர். தடியடிதான் பதிலாகக் கிடைத்தது. குரல் அடங்கியதா?

நம் மதுரைக்கு வருவோம். அமெரிக்கன் கல்லூரி மாணவர் என்.சங்கரய்யா, 1941-இல் பி.ஏ. இறுதித் தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கையில் விடுதலைப் போரில் கைதானார். பட்டம் போயிற்று. 2023-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கத் தீர்மானித்தது. கவர்னர் ரவி கையொப்பமிட மறுத்தார்! அவ்வாண்டு நவம்பர் 15-இல் சங்கரய்யா மறைந்தார். பட்டமா அவரைப் பெரியவராக்கிற்று?

நாட்டை ஆளுவோரைத் தேர்ந்தெடுக்க 18 வயதில் ஓட்டு உண்டு. கல்லூரிப் பேரவையைத் தேர்ந்தெடுக்க மட்டும் வயது போதாதா? மாணவர் பேரவைத் தேர்தல் பற்றிய லிங்டோ குழுவின் சிபாரிசுகளை 2006-இலேயே சுப்ரீம் கோர்ட் ஏற்றுவிட்டது. எல்லாக் கல்லூரிகளிலும் தேர்தலை நடத்துக என்கிறோம்!