அழகான வானிலை வரைபடம் வேண்டாம், பெட்டி தெரியிற வரைபடம் செய்யுங்கோ

ஐப்பசி பிறந்தால் காணும், வட்ஸ்அப் குழுமங்களில் சிவப்பும் ஊதாவுமாய் ஒரு படம் சுத்தத் தொடங்கும். நடுவில ஒரு சுழி, பக்கத்தில ஒரு அம்புக்குறி, கீழே 'எல்லாரும் அவதானமா இருங்கோ'. எந்த மொடல் சொன்னது, எப்ப சொன்னது, ஒண்டும் இராது. கோடிங் படிக்கிற எங்கட ஆக்களுக்கு 'ஒரு வெதர் மப் வெப்சைற் செய்து பார்ப்பம்' எண்ட ஆசை வாறதும் இந்தக் காலத்திலதான். நல்ல ஆசை. ஆனால் கடைசியில் செய்து முடிக்கிறது பெரும்பாலும் உந்தப் படத்தையேதான், அசையிற மாதிரி.

'விண்டி இருக்கேக்க நீ ஏன் மினக்கெடுறாய்?' எண்டு கேக்கிறவைக்கு முதலில் ஒரு பதில். விண்டியும் ஒரு தனியாளின் வேலையில் இருந்துதான் முளைத்தது. கமரன் பெக்காரியோ என்ற மென்பொருளாளர் 2013 இல் 'ஏர்த்' என்ற காற்று வரைபடத்தை வெளியிட்டு, கோட்டையும் திறந்து விட்டார். செக் நாட்டின் ஈவோ லூகச்சோவிச் அதிலிருந்து தொடங்கியதுதான் விண்டி. அமெரிக்காவின் ஜீ.எப்.எஸ். மொடல் ஒரு நாளைக்கு 4 தரம் ஓடுது, டேற்றா இலவசம். ஐரோப்பிய வானிலை மையமும் இலவச டேற்றா தருது. வரைபடம் போட லீப்லெற், கீழே விரிக்க ஓப்பன்ஸ்ட்ரீட்மப். ஒரு பழைய லப்டொப் காணும். ஆகவே செய்யாதேங்கோ எண்டு நான் சொல்லேல்லை. பொய் சொல்லாமல் செய்யுங்கோ எண்டுதான் சொல்லுறன்.

எங்கே பொய்? இந்த இலவச டேற்றா 0.25 பாகைக்கு ஒரு புள்ளி, அதாவது ஏறத்தாழ 28 கிலோமீற்றருக்கு ஒரு எண். முழு இலங்கையையும் வெட்டி எடுத்தால் 19 வரிசை, 11 நிரல்: 209 எண்கள். அதிலும் கனக்க கடலுக்குள்ள. யாழ்ப்பாண மாவட்டம் 1,000 சதுர கிலோமீற்றர் சொச்சம். ஒரு பெட்டியே 750க்கு மேல. நல்லூருக்கும் கோப்பாய்க்கும் தனித்தனியாக மழை சொல்ல அந்த எண்களால் ஏலாது.

ஆனால் நாங்கள் என்ன செய்யிறம்? அந்த 209 எண்களுக்கும் நடுவில நிறத்தைக் குழைத்து நிரப்புறம். ஒரு வரி கோட். பார்க்க றேடார் படம் மாதிரி இருக்கும். பார்க்கிறவர் பெருப்பிச்சு, தன்ர ஒழுங்கை மஞ்சளுக்குள்ளயோ பச்சைக்குள்ளயோ எண்டு தேடுவார். பச்சை எண்டால் ஆறுதல்படுவார். அந்த மஞ்சள்-பச்சை எல்லையை மொடல் போடேல்லை. நீங்கள் போட்டது.

'எல்லா வெப்சைற்றும் அப்பிடித்தானே' எண்டு சொல்லலாம். எங்கட ஊரில மாரிக்கு முந்தி ஆக்கள் இந்தப் படங்களைப் பார்த்துத்தான் வள்ளத்தை எப்ப இழுத்துக் கட்டுறது, மாட்டை எப்ப அவிழ்க்கிறது, அம்மம்மாவை எப்ப முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போறது எண்டு யோசிக்கினம். அவைக்கு அது வோல்பேப்பர் இல்லை. புரெவியை நினைச்சுப் பாருங்கோ. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு அது திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை கடந்தது. பிறகு மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றபோதும் யாழ்ப்பாணத்தில் மழை கொட்டித் தீர்த்தது. சுழியையும் கோட்டையும் மட்டும் பார்த்தவர் 'போயிட்டுது' எண்டு நினைச்சிருப்பார்.

சரி, எப்பிடிச் செய்யலாம்? பெட்டிகளைப் பெட்டிகளாகவே காட்டுங்கோ. வடிவில்லாட்டிப் பரவாயில்லை. மொடல் ஓடின நேரத்தைப் பெரிய எழுத்தில, எங்கட நேரத்தில போடுங்கோ. யூ.ரீ.சி. 00 எண்டால் எங்களுக்குக் காலை 5.30. ஐரோப்பிய டேற்றாவில மழை மீற்றரில வரும், அதுவும் ஓட்டம் தொடங்கினதிலிருந்து கூட்டின தொகையாக. முந்தின படியைக் கழிக்காமல் போட்டால் ஒவ்வொரு நாளும் பிரளயம்தான். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30 தொடக்கம் அடுத்த நாள் 8.30 வரை மழையை அளக்குது. உங்கட நாளையும் அப்பிடியே வெட்டுங்கோ. அப்பதான் மொடல் சொன்னதையும் உண்மையில பெய்ததையும் பக்கத்தில பக்கத்தில வைக்கலாம். பிழைச்ச நாளையும் அழிக்காமல் விடுங்கோ.

இன்னும் கொஞ்சம் மினக்கெட ஏலுமெண்டால், ஐரோப்பிய மொடலைத் தொடக்க நிலையைச் சற்று மாற்றி மாற்றி 50 தரம் ஓட்டின விளைவுகளும் இலவசமாகக் கிடக்கு. 'நாளைக்கு 120 மி.மீ.' எண்டு அடிச்சுச் சொல்லாமல், '50 இல் 18 ஓட்டம் 100 மி.மீ. தாண்டுது' எண்டு காட்டலாம். எங்கட சனத்துக்கு இது விளங்காது எண்டு சொல்லாதேங்கோ. வானத்தைப் பார்த்து விதைக்கிற ஆக்களுக்கு நிச்சயமின்மையை நாங்கள் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை.

ஊர்ப் பெயர்களைத் தமிழில போடுங்கோ. ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில தமிழ்ப்பெயர் இல்லாட்டி நீங்களே சேர்க்கலாம். 'சிவப்பு எச்சரிக்கை' மட்டும் உங்கட வேலை இல்லை. அதுக்குத் திணைக்களத்தின் அறிவித்தலையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் பக்கத்தின் தலையில போடுங்கோ.

வேலைக்கு விண்ணப்பிக்கக் காட்டுறதுக்கு மட்டும் எண்டால் என்ன நிறமும் அடியுங்கோ, ஆனால் குழுமத்தில பகிராதேங்கோ. ஊர் பார்க்கப் போற படமெண்டால், அதில எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது எண்டதும் சேர்ந்தே தெரியவேணும்.