வேளைக்காரர்

அதிராம்பட்டினத்துக் கடற்கரையில் நின்று தென்கிழக்கே நோக்குவோர்க்கு நீர்ப்பரப்பன்றி வேறொன்றும் தோன்றாது. அதற்கு அப்பால் ஈழம் உளது. சோழர் காலத்தில் இக்கடலைக் கடந்து சென்ற தமிழ் வீரருள் வேளைக்காரர் என்பாரும் இருந்தனர்.

உற்ற வேளையில் அரசனுக்காக உயிர் கொடுப்போர் என்று அப்பெயர்க்குப் பொருள் கூறுவர். 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ‘அழகியசோழத் தெரிந்த வலங்கை வேளைக்காரர்’ முதலிய படைப்பெயர்கள் காணப்படுகின்றன. ‘தெரிந்த’ என்பதற்குத் தேர்ந்தெடுத்த என்பது பொருள். இன்று நாம் அச்சொல்லை வேறு பொருளில் வழங்குகிறோம். அரசன் உடலை எரியூட்டுங்கால் அவன் அணுக்கத் தோழரும் அத்தீயிற் பாய்வர் என 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ எழுதியுள்ளார்.

இத்தகையோர் சப்பானிலும் இருந்தனர். அவர்களைச் சாமுராய் என்பர். ஆயினும் 1600-இல் செகிகஹாராப் போரின் நடுவே கொபயாகவா ஹிதெஅகி என்னும் தலைவன் பக்கம் மாறினான். டொகுகவா இயெயசு வென்றான். தோற்ற தலைவரை நம்பியிருந்த வீரர் பலர் ‘ரோனின்’ எனப்படும் தலைவனற்றோராய் அலைந்தனர். அரண்மனைச் சோறு என்றும் நிலையான சோறன்று.

ஈழத்து வேளைக்காரர்க்கு வந்த சோதனை இதனினும் கொடிது. அவர்கள் பொலன்னறுவையில் சிங்கள மன்னன் முதலாம் விசயபாகுவின்கீழ்ப் பணியாற்றினர். கருநாடகத்துக்கு அவன் விடுத்த தூதரின் மூக்கையும் காதையும் சோழர் அறுத்தனர் என்கிறது சூளவமிசம். சினந்த மன்னன், 1085-ஆம் ஆண்டளவில், சோழநாட்டின்மேல் படைசெலுத்த ஆணையிட்டான். வேளைக்காரர் மறுத்தெழுந்தனர், படைத்தலைவர் இருவரைக் கொன்றனர், மன்னன் தங்கையைச் சிறைப்பிடித்தனர், அரண்மனைக்குத் தீயிட்டனர். தெற்கே பின்வாங்கிய மன்னன் மீண்டுவந்து அவர்களை வென்றான். கொலையுண்ட தலைவரின் ஈமத்தீயைச் சுற்றிலும் கலகத் தலைவர்கள் எரிக்கப்பட்டனர்.

தம் இனத்தாரோடு பொர மனமின்மையே இதற்குக் காரணம் என்பது அறிஞர் பலரின் துணிபு. அஃதுண்மையாயின், ஆணையை மறுத்ததற்காக மட்டும் அவர்களை நன்றி கொன்றோர் என்று நான் கூறேன். தம் உயிரைக் கொடுப்பதாகவே அவர்கள் உறுதி கூறினர். உற்றார் உயிரைப் பறிப்பதாக அன்று. ஆனால், ஒரு பெண்ணைச் சிறைப்பிடித்ததற்கும் மனைக்குத் தீயிட்டதற்கும் எந்நியாயமும் இல்லை. படையினின்று விலகிச் செல்லும் வழி அவர்க்கு இருந்ததோ என்பது வேறு வினா. கூலிப்படை மறுத்தால் அதனை வாளா விடும் அரசர் அக்காலத்தில் அரியர்.

விசயபாகு 1110-இல் மறைந்தான். அதன்பின் முகலன் என்னும் பௌத்தப் பெருந்தேரர், புத்தரின் திருப்பல் வைக்கப்பெற்ற கோயிலைக் காக்குமாறு அதே வேளைக்காரப் படையையே வேண்டினார். அக்கோயிலின் ஊர்களையும் ஊழியரையும் பொருளையும், அங்கு அடைக்கலம் புகுந்தோரையும், தாம் அழிய நேரினும் காப்போம் என அவர்கள் தமிழில் வெட்டுவித்த கல் பொலன்னறுவையில் இன்றும் நிற்கிறது.