தேய்வதற்கென்றே செய்த பாகம்

காலை ஏழு மணிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போது மிக்ஸியின் ஓசை திடீரென மாறுகிறது. மோட்டார் முன்னைவிட வேகமாக இரைகிறது. ஜாருக்குள் தேங்காயோ அசையாமல் கிடக்கிறது. ரப்பர் கருகும் வாடை எழுகிறது. ஜாரைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்புத் தூள் சிதறியிருக்கிறது. மிக்ஸி உள்ள வீடுகளில் இந்தக் காட்சியை ஒருமுறையேனும் காணாத வீடு அரிது. அப்போது நம்மில் பலரும் சொல்லும் வாக்கியமும் ஒன்றுதான்: மிக்ஸி போய்விட்டது.

மிக்ஸி போகவில்லை. போனது, கப்ளர் என்று கடைக்காரர்கள் அழைக்கும் சிறு இணைப்புத் துண்டு. மோட்டாரின் தண்டில் ஒன்றும் ஜாரின் அடியில் ஒன்றுமாக இரண்டு கப்ளர்கள் உண்டு. ஒன்றின் பற்கள் மற்றொன்றின் பள்ளங்களில் பொருந்தி, மோட்டாரின் சுழற்சியைப் பிளேடுக்குக் கொண்டுசெல்கின்றன. சுமையின்றி ஓடும் மிக்ஸி மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்றுகள் சுழலும். ஊறாத பருப்பிலோ உடையாத மஞ்சள் துண்டிலோ பிளேடு சிக்கி நிற்கும் நொடியில், அந்த வேகத்தின் அதிர்ச்சியை ஏதேனும் ஓரிடம் தாங்கியாக வேண்டும். இரு பக்கமும் எஃகாக இருந்தால் அது நேரே மோட்டாரைச் சென்று தாக்கும். ஆகவே இரண்டில் ஒன்றையேனும் ரப்பரிலோ நைலானிலோ செய்கிறார்கள். மோட்டாரைக் காப்பதற்காகத் தான் தேய்ந்துபோகும் பாகம் அது. மின்பெட்டியில் ஃபியூஸ் கம்பிக்கு என்ன கடமையோ அதுவே இதற்கும். ஃபியூஸ் போனதற்காக எவரும் வீட்டை விற்பதில்லை.

ஆனால் கப்ளர் தேய்ந்ததற்காக மிக்ஸியையே மாற்றிவிடும் வீடுகள் பெருகிவருகின்றன. இதில் குறை வீட்டாரிடம் மட்டும் இல்லை. தேய்வதற்கென்றே ஒரு பாகத்தை வைத்து விற்பவர், அந்தப் பாகம் எங்கே, என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நாங்கள் கருதுகிறோம். பாகம் கிடைக்காவிட்டால், மோட்டாரைக் காக்கச் செய்த ஏற்பாடே மோட்டாரைக் குப்பைக்கு அனுப்பும் ஏற்பாடாக மாறிவிடுகிறது.

நம் நாட்டு மிக்ஸி பிறந்த கதையிலேயே நீடித்து உழைப்பது பற்றிய கவலை இருக்கிறது. 1960களில் மும்பையில் சத்யபிரகாஷ் மாத்துர் என்ற பொறியாளர், தம் வீட்டு வெளிநாட்டு மிக்ஸி நம் அரவைக்கு ஈடுகொடுக்காமல் பழுதானதைக் கண்டு, மசாலாவையும் மாவையும் தாங்கும்படி வடிவமைத்ததே சுமீத் மிக்ஸி. அக்காலத்து மிக்ஸிகளை நம் பெற்றோர் பல ஆண்டுகள் வைத்திருந்ததன் இரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. தேய்ந்ததை மாற்றினார்கள், மாற்றுவதற்குப் பாகமும் கிடைத்தது.

எங்களுக்கு இது உறைத்தது பணியிட மாற்றத்தில் கோவையிலிருந்து நாக்பூர் சென்றபோதுதான். உடன் கொண்டுசென்ற, கோவையில் வாங்கிய மிக்ஸியின் கப்ளர், சென்ற இரண்டாம் மாதமே தேய்ந்துபோனது. சீதாபுல்டி கடைத்தெருவில் கப்ளர்களைக் கொத்துக் கொத்தாகக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றில் நான்கு பற்கள், மற்றொன்றில் ஆறு. ஒன்றின் துளை பெரிது, மற்றொன்றின் மரை வேறு. எங்களுடையதற்கு எதுவும் பொருந்தவில்லை. நிறுவனத்தின் சேவை மையத்தில், அந்த மாடல் நின்றுவிட்டது, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அன்போடு சொன்னார்கள். மோட்டாரில் ஒரு குறையும் இல்லையே என்றோம். அதற்கு விடை வரவில்லை. மூன்று வாரம் சிறு உரலில் இடித்தும் அம்மியின்றித் தவித்தும் காலம் தள்ளிய பிறகு, கோவையிலிருந்து இரயிலில் வந்த உறவினர் ஒருவரின் பையில் இரண்டு கப்ளர்கள் வந்து சேர்ந்தன. இரண்டும் சேர்ந்து அவருடைய ஆட்டோ கட்டணத்துக்கும் குறைவான விலை.

மாற்றும் வேலை கால் மணி நேரம் கூட ஆகவில்லை. மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, மோட்டார் தண்டு சுழலாதபடி அதன் கீழ்முனையைத் திருப்புளியால் பிடித்துக்கொண்டு, பழைய கப்ளரைத் திருகி எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் திருகுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பெரும்பாலான மிக்ஸிகளில், ஓட ஓடக் கப்ளர் இறுகும்படியே மரை வெட்டப்பட்டிருக்கும். ஆகவே மோட்டார் எந்தத் திசையில் சுழலுமோ அதே திசையில் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் முழு வலுவோடு திருகி, தண்டையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. புதியதைக் கையால் இறுக்கினால் போதும். மீதியை ஓட்டமே இறுக்கிவிடும். சில மாடல்களில் தண்டைப் பிடிக்க அடித்தட்டைக் கழற்றியாக வேண்டும். அங்கே முதலில் உத்தரவாதச் சீட்டைப் படித்துவிட்டு, தயக்கமிருந்தால் கடையில் கொடுப்பதே நன்று.

வெற்றிக் களிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டே மாதத்தில் புதிய கப்ளரும் கறுப்புத் தூளைக் கக்கியது. பாகம் போலியோ என்று ஐயுற்றோம். எங்கள் தெருமுனையில் குக்கரும் அடுப்பும் பழுதுபார்க்கும் முதியவர், மிக்ஸியைத் தொடக்கூட இல்லை. ஜாரை மட்டும் வாங்கிக் கவிழ்த்து, அடிக் கப்ளரை ஒரு விரலால் சுற்றிப் பார்த்தார். அது சுற்ற மறுத்தது. பிளேடின் தண்டு நுழையும் புஷ் தேய்ந்து, அந்த இடைவெளியில் மசாலா நீர் இறங்கிக் காய்ந்து கெட்டியாகிப் பிடித்திருந்தது. இறுகிய ஜாரை ஒவ்வொரு நாளும் இழுத்துச் சுழற்றியே கப்ளர் மாய்ந்திருக்கிறது. நாங்கள் மாற்றியது நோயின் அறிகுறியை. நோய் ஜாரில் இருந்தது. புஷ்ஷை மாற்றித் தந்தார். ஜாரின் அடியில் ஈரமோ கறுப்பு நீரோ கசிந்தால் காத்திருக்க வேண்டாம், அந்த நீர் அடுத்து இறங்குமிடம் மோட்டாரின் பேரிங் என்றும் எச்சரித்தார். வாரம் ஒருமுறை ஜாரைக் கவிழ்த்து விரலால் சுற்றிப் பார்க்கும் வழக்கம் அன்று தொடங்கியது. தளர்வாகச் சுற்றினால் நலம்.

வீட்டில் பழுதுபார்ப்பது ஆபத்து என்று உற்பத்தியாளர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கார்பன் பிரஷ், உள் கம்பிகள், மோட்டாரின் சுருள் ஆகியவை பயின்றவர் கைக்குரியவை. அவற்றில் துணிச்சல் காட்ட வேண்டியதில்லை. ஆனால் உடலுக்கு வெளியே, கண்ணுக்கு முன்னே நிற்கும் கப்ளருக்கும் அந்த எச்சரிக்கையையே சொல்வது பொருந்தாது. தெருமுனைக் கலைஞரின் பிழைப்பும் இதனால் கெடாது. அறிவு தேவைப்படும் வேலைக்கு அவரிடம்தான் போகிறோம். அவர் பிழைப்பைக் கெடுப்பது கிடைக்காத பாகம். எங்களைப் போலவே அவரும் வெறுங்கையோடு நின்றார்.

பழுதுபார்க்கும் உரிமை என்ற சொல் நம் நாட்டு அரசின் செவிக்கும் எட்டியிருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வாகனங்கள் ஆகியவற்றோடு வீட்டு உபயோகப் பொருள்களும் அதன் ஆய்வில் இடம்பெற்றன. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், நிறுவனங்கள் தங்கள் பொருள்களின் பழுதுநீக்க விவரங்களை வெளியிடுவதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம். எனினும் இணையதளத்தில் விவரம் இருப்பது வேறு, கடையில் கப்ளர் இருப்பது வேறு. மின்விளக்கை எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் நம் வீட்டு ஹோல்டரில் பொருந்துகிறது. ரூபாய்க் கணக்கில் அற்பமான ஒரு கப்ளருக்கு மட்டும் ஏன் ஊருக்கொரு வடிவம்? பற்களின் எண்ணிக்கையிலும் மரையின் அளவிலும் இரண்டு மூன்று பொது வடிவங்களுக்குள் உற்பத்தியாளர்கள் உடன்பட்டால், நாக்பூரில் தேய்ந்தது நாக்பூரிலேயே மாறும். அதுவரை, மாடல் நின்றபின் எத்தனை ஆண்டுகள் பாகம் வழங்கப்படும் என்பதையும், கப்ளர், புஷ், மூடியின் கேஸ்கெட் ஆகிய மூன்றின் விலையையும் அட்டைப்பெட்டியின் மேல் அச்சிடச் சொல்வது பேராசையாகாது. பாகம் மறுக்கப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

வங்கி இதழில் பணக்கணக்கைப் பேசாமல் விடலாகாது. நான்காயிரம் ரூபாய் மிக்ஸியை மாதத் தவணையில் வாங்குவது எளிதாகிவிட்டது. எளிதானதால்தான் பழையதைப் பழுதுபார்க்கும் எண்ணம் எழுவதில்லை. வட்டியே இல்லாத தவணை என்ற விளம்பரத்தையும் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். பூஜ்ய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. அந்த வட்டி பெரும்பாலும் கட்டணமாகவோ இழந்த தள்ளுபடியாகவோ வேறு உருவில் வந்துவிடுகிறது. தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போடும் நாம், பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கணக்குப் போடுவதில்லை. பத்தாண்டு உழைக்கும் நான்காயிரமும் மூன்றாண்டு உழைக்கும் நான்காயிரமும் ஒரே விலை அல்ல.

சென்ற மாதம், மணமாகிப் புதுக்குடித்தனம் தொடங்கும் உறவுப் பெண்ணுடன் மிக்ஸி வாங்கச் சென்றோம். விற்பனை இளைஞர் வாட்டைச் சொன்னார், ஜார்களின் எண்ணிக்கையைச் சொன்னார், தவணையைச் சொன்னார். இதன் கப்ளர் இந்தக் கடையில் கிடைக்குமா, என்ன விலை என்று அவள் கேட்டாள். இதுவரை யாரும் கேட்டதில்லை என்று சிரித்துவிட்டு, உள்ளே போய் விசாரித்து வந்தார். மூன்று மாடல்களில் ஒன்றுக்கு மட்டும் இருப்பு உண்டு என்றார். அந்த ஒன்றையே வாங்கினோம், கூடவே இரண்டு கப்ளர்களும்.