மர்மக்கதைக்கும் நேர்மை வேண்டும்



மர்மக்கதை படிக்கும் மாணவனைக் கண்டால் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். கொலையும் களவும் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்கிறோம். நான் கேட்பது வேறு. அந்தக் கதை வாசகனிடம் நேர்மையாக நடந்துகொள்கிறதா?

இங்கிலாந்தின் கத்தோலிக்கப் பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ், துப்பறியும் கதைக்கென 1929இல் பத்துக் கட்டளைகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்டிவிட வேண்டும். துப்பறிவாளர் காணும் தடயம் உடனே வாசகர் கண்ணிலும் பட வேண்டும். தற்செயல் அவருக்குத் துணைவரலாகாது. பேய் பிசாசுக்கு இடமில்லை. கதையில் சீனர் எவரும் வரக்கூடாது என்றும் ஒரு கட்டளை உண்டு! அக்காலத்து மலிவுக் கதைகள் ஓயாமல் சீனரையே தீயவராக்கியதை இடித்துரைக்கவே அப்படி எழுதினார் என்பர். சீனர் கடை இல்லாத பட்டணமே இல்லாத நம் கடாரத்தில் இருந்துகொண்டு அதைப் படித்தால் சிரிப்புத்தான் வருகிறது.

தமிழில், தேவன் படைத்த துப்பறியும் சாம்புவுக்குத் தற்செயல்தான் முழுமுதல் துணை. நாக்ஸ் கணக்கில் அது குற்றம். ஆயினும் தேவன் நம்மை ஏமாற்றவில்லை. சாம்பு வெல்வது அதிர்ஷ்டத்தால் என்பதை அவர் மறைப்பதே இல்லை. நகைச்சுவையே அதில்தான் இருக்கிறது. மாமேதை என்று முழங்கப்படும் துப்பறிவாளர், அதுவரை நமக்குக் காட்டாத கடிதத்தைக் கடைசிப் பக்கத்தில் சட்டைப்பையிலிருந்து உருவுகிறாரே, அதைத்தான் நான் மோசடி என்கிறேன். நம் மாணவர் கட்டுரைகளில், "திடுக்கிட்டு விழித்தேன், அத்தனையும் கனவு" என்று முடிவது இதற்குத் தங்கை முறை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டும் அந்தக் கனவு கலையவில்லை.

வகுப்பில் இப்படி ஒரு கதை சொல்லிப் பாருங்கள். தோட்டத்தில் விடியற்காலையில் களவு போகிறது. ஐயத்துக்குரியவன், "அந்நேரம் நான் என் நிரையில் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன்" என்கிறான். முந்திய இரவு நல்ல மழை. பட்டை நனைந்திருந்தால் ரப்பர் மரம் வெட்டமாட்டார்கள். பால் கோப்பையில் சேராமல் வழிந்தோடிவிடும். அவன் பொய் அம்பலமாகிறது.

பால்மரத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு மழை ஒன்றே போதிய தடயம். சுங்கைப்பட்டாணி அடுக்கு வீட்டுப் பிள்ளைக்கோ அது தடயமே அன்று. தோட்டங்கள் பலவும் எண்ணெய்ப்பனைக்கு மாறிவிட்டன. எனவே முதற்பத்தியிலேயே ஒரு பாட்டி, கோழிக்கூட்டைத் திறந்தபடி, "மரமெல்லாம் நனைஞ்சு கிடக்கு, இன்னிக்கு வெட்டு இல்ல" என்று போகிற போக்கில் சொல்லிவிட வேண்டும். ஒளித்து வைக்கலாம், வைக்காமல் விடலாகாது.

பெற்றோர்களே, இத்தகைய செய்திகளை வீட்டு முதியோரிடம் கேட்டுப் பிள்ளைகளிடம் சொல்லியனுப்புங்கள். அடுத்த கதைக்குத் தடயம் தேவைப்படுகிறது.